முந்திரிக்காட்டுக் கிராப்பு

என் வீட்டுக்காரரின் தலைமுடியை நான் பார்த்த மாதிரி வேறு எந்தப் பெண்டாட்டியும் புருஷன் முடியைப் பார்த்திருக்க மாட்டாள். காலையில் ஒரு வீடியோ கால், சாயங்காலம் ஒரு வீடியோ கால். “சாப்பிட்டீங்களா” என்று வாய் கேட்கும்போதே கண் அவர் காதுப்பக்கம் போய்விடும். காது மறைந்திருக்கிறதா, பிடரியில் முடி புரள்கிறதா, தாடி நேற்று இருந்த மாதிரியே இருக்கிறதா? எல்லாம் சரியாக இருந்தால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

நான் அப்போது நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். மாசியில் வளைகாப்பு முடிந்து அம்மா என்னைப் பெரம்பலூர்ப் பக்கம் அரும்பாவூருக்கு அழைத்து வந்துவிட்டாள். அப்பா இல்லாத வீடு, நானும் அம்மாவும் மட்டும்தான். அவர் அரியலூர் தாண்டிச் செந்துறைப் பக்கம், தன் அம்மாவோடு இருந்தார். அங்கே ஒரு சிமெண்டு ஆலையில் வேலை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருந்தால் புருஷன் முடி வெட்டக் கூடாது, முகம் வழிக்கக் கூடாது. அவன் தலையில் கத்தி பட்டால் வயிற்றில் இருக்கிறதுக்கு ஆகாது என்பார்கள். ஏன் ஆகாது என்று கேட்டால், ஆகாதுன்னா ஆகாதுதான், அதுல என்ன ஏன் என்பார்கள்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். இதை எல்லாம் நான் நம்பலாமா? முதல் தடவை உண்டானபோது நம்பவில்லை. அப்போது நாலாம் மாசத்தில் அவருடைய தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. பெண்ணுக்கு அண்ணன்காரன் பரதேசிக் கோலத்தில் மேடையில் நிற்க முடியாது என்று அவர் கிராப்பு வெட்டி, மழமழவென்று வழித்துக்கொண்டு வந்தார். “இப்பத்தான் மனுசனாட்டம் இருக்கீங்க” என்று நானும் சிரித்தேன். ஆறாம் மாசத்தில் பிள்ளை போய்விட்டது.

கர்ப்பப்பையின் வாய் பலவீனம், அடுத்த தடவை முன்னாலேயே தையல் போட்டுவிடலாம் என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். எனக்கு நன்றாகவே புரிந்தது. என் மாமியாருக்குப் படம் எல்லாம் தேவைப்படவில்லை. மகனைப் பார்த்து, “வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாடா?” என்றார். அதுவும் எனக்குப் புரிந்தது. பயம் வந்துவிட்டால் படித்த படிப்பு எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்றே தெரியாது. இரண்டாம் தடவை உண்டானது தெரிந்த அன்றைக்கே அவர் சீப்பைத் தவிர எதையும் தலையில் வைப்பதில்லை என்று என் முன்னால் சொன்னார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இந்தத் தடவை டாக்டரம்மா சொன்னபடி தையல் போட்டார்கள். அந்தத் தையலில்தான் என் பிள்ளை தொங்கிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடாதே, குனியாதே, படி ஏறாதே. மாசம் முற்றியதும் சரியான நாளில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையலைப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் வலி வந்துவிட்டால் எனக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அந்த நாள் ஒன்றுதான் எனக்கு உலகம்.

அந்த நேரம் பார்த்து ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது, பள்ளிக்கூடம் நின்றது, சலூனை எல்லாம் பூட்டினார்கள். நாட்டில் உள்ள ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் மாசமாக இருக்கிறவளின் புருஷன் மாதிரி ஆகிவிட்டார்கள்! டிவியில் வந்த பெரிய மனிதர்களுக்குக்கூடக் காதுக்கு மேலே முடி புசுபுசுவென்று நின்றது. அதுவரைக்கும் ஆலையில் இவரை “என்ன சாமியாரே” என்று கிண்டல் செய்தவர்கள் எல்லாம் இப்போது இவரைப் போலவே அலைந்தார்கள். என் மாமியார் போனில், “இப்ப எவன் வந்து எம் மவனுக்கு வெட்டுறான்னு பாக்குறேன்” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், சலூனை மூடியதற்காகக் கொரோனாவை நான் ஒரு நிமிஷம் வாழ்த்தினேன்.

என் கதியும் லேசில்லை. அம்மா வீட்டுக்கு வந்தால் நான் போகும் பெரம்பலூர் பார்லர் மூடியிருந்தது. புருவம் இரண்டும் வளர்ந்து நடுவில் கை குலுக்கிக்கொண்டன. மேலுதட்டில் மீசை. “இதென்னடி, மாப்ளைக்குப் போட்டியா?” என்று அம்மா சிரிப்பாள். கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டேன். என் முகம் எப்படிப் போனால் எனக்கென்ன, அவர் தலை அப்படியே இருந்தால் போதும் என்று இருந்தது.

சித்திரை பாதிக்கு மேல் ஒருநாள் அவர் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சலூன் அண்ணன் முந்திரிக்காட்டுல கடையப் போட்டுட்டாரு புள்ள!” அவர்கள் ஊர்க் கடைத்தெருவில் சலூன் வைத்திருந்தவரைத்தான் சொன்னார். வீடு தேடி வந்து கெஞ்சியவர்களின் தொல்லை தாங்காமல் அவர் கத்தரிக்கோலையும் சீப்பையும் பையில் போட்டுக்கொண்டு முந்திரிக்காட்டுக்குள் போய்விட்டாராம். கிளையில் கண்ணாடி, கவிழ்த்துப் போட்ட பெயிண்டு டப்பாதான் நாற்காலி. போலீஸ் வண்டி வருகிறதா என்று பார்க்க ரோட்டோரம் ஒரு ஆள். வெட்டிக்கொள்ள வந்தவர்கள் ஆளுக்கொரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்களாம்.

“நீங்க அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்றேன்.

“நான் எதுக்குப் போறேன்? சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்.”

அந்த சலூன்காரர் இப்போது நன்றாக இருக்கிறார், பழைய இடத்திலேயே கடை நடத்துகிறார். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனிமேல் நான் அவரைத் திட்டுவதைப் படித்துவிட்டு, பாவம் என்று நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்வீர்கள்.

வேடிக்கைக்குச் சொன்னேன் என்றவர் அதற்கப்புறம் வீடியோவில் வரவில்லை. கேட்டால் டவர் இல்லை என்றார். மறுநாள் கேட்டால் கேமரா மங்கலாகிவிட்டது என்றார். காய்ச்சல் கண்டு படுத்திருக்கிறாரோ? முகம் வாடியிருப்பதை நான் பார்த்துவிடக் கூடாது என்று மறைக்கிறாரோ? போனில் அவர் ஒரு தடவை தொண்டையைச் செருமினாலும் “காய்ச்சலா, காய்ச்சலா” என்று கேட்டேன். மாமியாரிடம் கேட்டேன், “நல்லாத்தான் இருக்கான், ஆனா எங்கிட்டயும் மூஞ்சியக் காட்டாமத்தான் திரியிறான். வூட்டுக்குள்ளகூடத் தலையில துண்டு” என்றார். வெயிலுக்குக் கட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த நாட்கள் அவை.

தையல் பிரிக்கும் நாளுக்கு முந்தின நாள் அவர் வந்தார். மனைவிக்கு ஆஸ்பத்திரி என்று போட்டு இ-பாஸ் வாங்கி, அரியலூரைத் தாண்டி, மாவட்ட எல்லையில் போலீசுக்கு என் ஸ்கேன் பேப்பரைக் காட்டி, அவ்வளவு தூரம் பைக்கிலேயே வந்து நின்றார். மூஞ்சியில் மாஸ்க், தலையில் முண்டாசு. வாசலில் அம்மா மஞ்சள் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தாள். கை கால் கழுவி, கொல்லைப்பக்கம் போய்க் குளித்துவிட்டு, மறுபடியும் மாஸ்க்கும் முண்டாசுமாகவே உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் நான் அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வயிற்றில் கை வைத்தார், பிள்ளை ஒரு உதை விட்டது.

சாப்பிட மாஸ்க்கைக் கழற்றித்தானே ஆக வேண்டும்? சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு சாப்பிட்டார். அம்மா, “மருமவன் மாமியா மூஞ்சியில முழிக்க மாட்டாராக்கும்” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் துண்டைப் பிடித்து இழுத்தேன்.

காது தெரிந்தது. பிடரியில் கோடு போட்ட மாதிரி ஒட்ட வெட்டு. தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்துப்போய், ஸ்கூலுக்குப் போகிற பையன் மாதிரி என்னைப் பார்த்து விழித்தார். ஐயோ என்று நான் போட்ட கூச்சலில் அம்மா கையிலிருந்த குழம்புக் கிண்ணம் கீழே விழுந்தது.

“கத்தாத புள்ள. தையல் இருக்கு, கத்தாத.”

“தையல் இருக்குறது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா? போன தடவ பட்டது பத்தலையா? என்னா நெஞ்சழுத்தம் உங்களுக்கு!”

“நான் சொல்றதக் கேளு. ஆலை குரூப்புல ஒரு மெசேஜ் வந்துச்சு. தாடியிலயும் முடியிலயும் கிருமி நாள்கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்குமாம். தாடி வச்சவன் மாஸ்க் போட்டாலும் சந்துவழியா பூந்துருமாம். புள்ள பொறக்கப் போவுது, நான் அந்தத் தாடியோட வந்து உம் பக்கத்துல உக்காரவா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?” தட்டைத் தள்ளி வைத்தார். “வெட்டுனா ஆகாதுன்னும் பயம். வெட்டலைன்னா கிருமி வந்துரும்னும் பயம். நான் என்னதான் பண்றது, நீயே சொல்லு.”

அந்தத் துண்டாலேயே அவர் முதுகில் இரண்டு வைத்தேன். அப்புறம் கட்டிலில் போய்ப் படுத்தேன். பிள்ளை அசையவில்லை. இடது பக்கம் திரும்பிப் படுத்தேன், அசையவில்லை. அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுப் பார்த்தேன். இத்தனைக்கும் கருவில் பிள்ளை தூங்கும் என்று நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொள்ளலாம் என்றால் திங்களும் வெள்ளியும் மட்டும் திறக்கிற கோயில், அந்த இரண்டு நாளும்கூடப் பூட்டிக் கிடந்தது. ரொம்ப நேரம் கழித்து லேசாக ஒரு புரளல். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலையில் பெரம்பலூர் போக வாடகைக் கார் சொல்லியிருந்தோம். பையில் பழைய சேலை, குழந்தைக்குத் துணி, பிளாஸ்க் எல்லாம் எடுத்துவைத்துவிட்டு நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அவர் போன் அடித்தது. என் மாமியார். ஸ்பீக்கரில் போட்டார்.

“டேய், நீ மட்டும் அந்தக் காட்டுல போயி முடி வெட்டல இல்ல? சொல்லுடா! சலூன்காரருக்குக் கொரோனாவாம்டா. காலையில வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க.”

மாமியார் மூச்சு வாங்க வாங்கச் சொல்லிக்கொண்டே போனார். யார் யாருக்கு வெட்டினார் என்று சலூன்காரருக்கே நினைவில்லையாம். அதனால் சுகாதாரத்துறை ஆட்கள் வீடு வீடாகப் போய் ஆம்பிளைகளை வாசலுக்குக் கூப்பிட்டுத் தலையைப் பார்க்கிறார்களாம். முடி காடாகக் கிடந்தால் விட்டுவிடுகிறார்கள், கிராப்பு கிராப்பாக இருந்தால் வண்டியில் ஏற்றுகிறார்கள். “மேலத்தெருவுல ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட கத்திரிக்கோலக் குடுத்துக் கன்னாபின்னான்னு வெட்டிக்கிட்டான்டா, வூட்டுல வெட்டுனதுன்னு சொல்றதுக்கு. அவனப் பாத்து நாலு பேரு அதே மாதிரி. எல்லாம் எலி கரண்டுன தலையா நிக்கிறானுவ. நீ போவலதான?”

“போனேம்மா” என்றார் அவர்.

மாமியார் போனைக் கீழே போட்டுவிட்டார் போல, டொக்கென்று சத்தம் மட்டும் கேட்டது.

நேற்றெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்திருந்தார். என் வயிற்றில் கை வைத்திருந்தார். முடி வெட்டினால் ஆகாது என்று நான் பயந்தது ஒரு மாதிரிப் பயம். அது காரணம் தெரியாத பயம், வகுப்பில் நடத்த முடியாத பயம். இப்போது வந்தது வகுப்பில் நடத்தக்கூடிய பயம், படம் போட்டுப் பாகம் குறிக்கக்கூடிய பயம். இரண்டும் ஒரே தலையில் வந்து சேர்ந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. மாமியார் சொன்னது பலித்துவிட்டது என்றுதான் என் புத்தி சொன்னது.

அம்மா அதற்குள் தையல் மெஷின் டிராயரைத் திறந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

“உக்காருங்க தம்பி. அங்கங்க நாலு வெட்டு வெட்டி விட்டுடுறேன். யாராச்சும் கேட்டா வூட்டுல வெட்டுனதுன்னு சொல்லிக்கலாம். உண்மையச் சொன்னா நம்மளக் கொண்டுபோயி எங்கயாச்சும் அடைச்சுப்புடுவாங்க. இன்னைக்குத் தையல் பிரிக்கணும். எம் பொண்ணக் கிட்ட சேத்துக்க மாட்டாங்க தம்பி!”

அம்மாவைத் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. கண்ணில் தண்ணீர் ஓட, கத்தரிக்கோலோடு நின்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெட்டும்மா, சீக்கிரம் வெட்டு, கார் வந்துவிடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“கிட்ட வராதீங்க!” என்று அவர் கத்தினார். என் அம்மாவிடம் அவர் ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. “ஏந் தலையத் தொடாதீங்கத்த. இருக்குன்னா அது உங்களுக்கும் வந்துரும். நீங்கதான அவளைப் பாத்துக்கணும்.”

பின்பக்கமாகவே நடந்து கொல்லைக்குப் போய், வெட்ட வெயிலில் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். “சார், நான் செந்துறைப் பக்கம். முந்திரிக்காட்டுல முடி வெட்டுனவன் சார். எம் பொண்டாட்டிக்கு நிறைமாசம், தையல் போட்டிருக்கு, இன்னைக்குப் பிரிக்கணும். நேத்துப் பூரா அவகூட இருந்துட்டேன் சார்.” இதையே திரும்பத் திரும்ப, ஒவ்வொரு ஆளிடமும் முதலிலிருந்து சொன்னார். தெருவுக்கே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டு ஜன்னல் படார் படாரென்று மூடியது.

நான் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த பயம் முழுக்கக் கோபமாகத்தான் வாயில் வந்தது.

“எம் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, உங்க தலையிலதான் விடியும்! கேட்டுக்குங்க!”

அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “போயிப் படு புள்ள. நிக்காத. தையல் விட்டுறப் போவுது” என்றார். ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் நிழலுக்கு வரவே இல்லை. அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டி மேல் வைத்துவிட்டுத் தள்ளி வந்த பிறகுதான் எடுத்துக் குடித்தார்.

இரண்டு வண்டி வந்தது. ஒன்று அவரை அவர் ஊர் ஆட்களோடு சேர்க்க அரியலூருக்கு, ஒன்று என்னைப் பெரம்பலூருக்கு. அம்மாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள், வாசலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். அம்மா வாசல்படியில் நின்றுகொண்டு பையை எட்ட இருந்தே நீட்டினாள். அவர் வண்டியில் ஏறும்போது திரும்பி என் வயிற்றைத்தான் பார்த்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாக ஒரு அறையில் வைத்தார்கள். வந்தவர்கள் எல்லாம் தலையிலிருந்து கால்வரைக்கும் மூடியிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரியும், அதுவும் கண்ணாடிக்குப் பின்னால் வேர்த்துப்போய்த் தெரியும். மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். நான் பயந்த மாதிரி யாரும் என்னை ஒதுக்கவில்லை, விரட்டவில்லை. டாக்டரம்மா குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. “பயப்படாதம்மா, நாங்க இருக்கோம்ல” என்றார். அன்று மத்தியானமே தையலைப் பிரித்துவிட்டார்கள்.

பயப்படாதே என்றால் பயப்படாமல் இருக்க முடியுமா? பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லை. கையைப் பிடித்துக்கொள்ள ஒரு மனுஷி இல்லை. தொட்டவர்களும் கையுறை போட்டுத்தான் தொட்டார்கள். எனக்கு ஒரு இருமல் வந்தால் அது நோய்தான் என்று நினைத்தேன், தொண்டை காய்ந்தால் நோய்தான் என்று நினைத்தேன். எனக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்குமா, பிறந்ததும் என்னிடமிருந்து பிரித்துக்கொண்டு போய்விடுவார்களா, பால் கொடுக்கலாமா, ஒன்றும் தெரியவில்லை. அந்த வருஷம் யாருக்குமே சரியாகத் தெரியவில்லை. என் ஆயுசில் அப்படி நான் பயந்ததில்லை.

மறுநாள் எனக்கு இல்லை என்று ரிசல்ட் வந்தது. மறுபடியும் எடுப்போம் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவரே போன் செய்தார்.

“எனக்கு இருக்காம் புள்ள.”

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“ஒண்ணும் பண்ணல. இருமல்கூட இல்ல. நீ நெனச்சுக்கிட்டு அழாத. இந்த வார்டுல எல்லாரும் எங்க ஊரு ஆளுதான், எல்லாம் கிராப்புத் தலை. சலூன் அண்ணன் பக்கத்துப் பெட்டுலதான் இருக்காரு. யாரு மூஞ்சியையும் பாக்க மாட்டேங்குறாரு. உனக்கு எப்படி இருக்குன்னு மட்டும் எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காரு.”

“அந்தாளுக்கு என்ன வந்துச்சு என்னையக் கேக்க?” என்றேன். சலூன்காரரையும், அவர் கத்தரிக்கோலையும், அந்த முந்திரிக்காட்டையும், ஆலைக் குரூப்பில் மெசேஜ் போட்டவனையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் பிடித்தது. பேச்சை நிறுத்தினேன். “என்னாச்சு, என்னாச்சு” என்று அவர் கத்துவது கேட்டது. “வலி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைப் போட்டுவிட்டேன்.

அந்த வலியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெற்றவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது. மாஸ்க்கோடு முக்கினேன், அதை மட்டும் சொல்கிறேன். மூச்சை இழுத்தால் துணி வாய்க்குள் வந்தது. நர்ஸ் ஒருத்தர் என் காதருகில் குனிந்து, “உன் வீட்டு ஆளுங்கள எல்லாம் திட்டும்மா, சத்தமா திட்டு” என்றார். அதற்கு எனக்குச் சொல்லித்தரவா வேண்டும்? திட்டித் திட்டித்தான் பெற்றேன். விடிந்து வெயில் ஏறுகிற நேரம், பெண் பிள்ளை. வெளியே வந்ததும் அழுதாள். நல்ல கனமான அழுகை. அவளைத் துடைத்து, துணியில் சுற்றி, என் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். அதற்குள் அழுது முடித்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள்.

“வீட்டுக்காரருக்குப் போன் போடுங்க சிஸ்டர்” என்றேன்.

நர்ஸ் பிளாஸ்டிக் கவரில் இருந்த என் போனை எடுத்து நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி என் பக்கம் நீட்டினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். வார்டில் யாரோ இருமினார்கள், யாரோ அவரை அதட்டி அடக்கினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

“என்னங்க, நாந்தான்.”

“உசுரோட இருக்கா?” என்றார்.

ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

“இருக்காங்க. பொண்ணு.”

“பொய் சொல்லாத புள்ள.”

“ஐயோ, நான் எதுக்குப் பொய் சொல்றேன்? எம் பக்கத்துலதான் இருக்கா.”

“போன தடவ புள்ள போனப்பவும் உங்கம்மா ஆஸ்பத்திரியிலேருந்து இப்படித்தான் சொன்னாங்க. எல்லாம் நல்லாருக்கு, நீங்க கௌம்பி வாங்கன்னு. நானும் ஸ்வீட் வாங்கிக்கிட்டு வந்தேன்.”

இதை அவர் அதுவரைக்கும் என்னிடம் சொன்னதே இல்லை.

“ஒருதரம் அழச் சொல்லு” என்றார். “ஒரே ஒரு தரம். நான் கேட்டுக்குறேன்.”

“தூங்குறாங்க.”

அந்தப் பக்கம் அவர் விம்ம ஆரம்பித்துவிட்டார். “தூங்குதுன்னுதான் சொல்லுவீங்க, தூங்குதுன்னுதான் சொல்லுவீங்க” என்று அதையே சொல்லி அழுதார். பக்கத்தில் யாரோ, அந்த சலூன்காரராகத்தான் இருக்க வேண்டும், “ஐயோ சாமி, ஐயோ சாமி” என்று முனகுவதும் கேட்டது.

துணிக்கு வெளியே மகளின் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. என் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பாதம், பூவரசம் பூவின் உள்பக்கம் மாதிரிச் சிவப்பு. நர்ஸிடமிருந்து போனை வாங்கி அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பிறந்து கால் மணி நேரம் ஆகாத பிள்ளையின் உள்ளங்காலை, ஈவு இரக்கம் பார்க்காமல், நறுக்கென்று கிள்ளினேன்.